அமெரிக்காவில் கைதானவரின் ஜெயில் பதிவை எங்கே, எப்படித் தேடுவது?

டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் உங்கள் தம்பியை நேற்றிரவு கார் ஓட்டிப் போகும்போது போலீஸ் பிடித்துவிட்டதாக அவருடைய அறைத்தோழர் சொல்கிறார். ஃபோன் அணைந்து கிடக்கிறது. மதுரையில் இருந்துகொண்டு எங்கே தேடுவது, கைதுப் பதிவைத் தேடித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களை நம்பலாமா, இது அவர் விசாவைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சஸில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். இப்படி ஊரிலிருந்து பதறிப்போய் அழைப்பவர்களோடு அடிக்கடி பேசுகிறவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது இது. எந்தச் சாலையில், எந்த ஊர் எல்லையில் பிடித்தார்கள் என்று அறைத்தோழரிடம் கேளுங்கள். அந்த இடம் எந்தக் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அங்கே ஜெயிலுக்குப் பொறுப்பான அதிகாரியை ஷெரீஃப் என்பார்கள். அந்தக் கவுன்டி ஷெரீஃப் அலுவலகத்தின் சொந்த இணையதளத்தில் ஜெயிலில் இருப்பவர்களைத் தேடும் பக்கம் இருக்கும். அதில் தேடுங்கள். அதற்கு ஒரு பைசா செலவு கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

வீடு எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில் வராது. கைது எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஃபிரிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் ஒரு பாதி காலின் கவுன்டி, மறு பாதி டென்டன் கவுன்டி. காலின் பக்கம் பிடித்தால் மெக்கின்னியில் உள்ள ஜெயிலுக்குப் போவார். டென்டன் பக்கம் என்றால் டென்டன் ஊருக்குப் போவார். டல்லாஸ் மாநகரமே ஐந்து கவுன்டிகளில் பரந்து கிடக்கிறது. அட்லாண்டாவும் ஃபுல்டன், டிகால்ப் என்று இரண்டில் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் பிடித்தால் அலமேடா கவுன்டியின் ஜெயில் டப்ளினில் இருக்கிறது. பிடித்தது நகரப் போலீசா, நெடுஞ்சாலையில் சுற்றும் மாநிலப் போலீசா என்பதால்கூடப் பெரிதாக மாற்றம் வராது. இருவருமே பெரும்பாலும் அந்த இடத்துக் கவுன்டி ஜெயிலில்தான் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே இரண்டு மூன்று கவுன்டிகளின் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரீஃப் பொறுப்பில் ஜெயில் நடக்கிறது. பொதுமக்கள் பார்க்கும்படி நாடு முழுவதற்குமான ஒரே கைதுப் பதிவேடு கிடையாது. கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய், அலாஸ்கா ஆகிய ஆறு மாநிலங்களில் ஜெயில்களை மாநில அரசே நடத்துகிறது. அங்கே மாநிலச் சிறைத்துறையின் தளத்தில் தேட வேண்டும். லூசியானாவில் கவுன்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். நியூயார்க் மாநகரத்துக்குத் தனிச் சிறைத்துறை உண்டு.

நம் ஊரில் ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. அமெரிக்காவில் அப்படி ஒரு தகவல் வரும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு மாற்றாக அங்கே இருப்பது, கைது விவரத்தை ஒளிக்கக் கூடாது என்ற ஏற்பாடு. டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி கைதானவர், கைது, குற்றச்சாட்டு பற்றிய அடிப்படை விவரங்கள் பொதுவானவை. கலிஃபோர்னியாவிலும் கைதானவரின் பெயர், கைதான நேரம், வைக்கப்பட்டிருக்கும் இடம், பெயில் தொகை, குற்றச்சாட்டு எல்லாம் கேட்டால் சொல்ல வேண்டியவை. யாரையும் சத்தமில்லாமல் பிடித்து அடைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அது உங்களுக்கு இன்று உதவப் போகிறது. நாளைக்கு அதே பதிவு உங்கள் தம்பிக்குத் தொல்லையும் தரலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கைது நடந்த அடுத்த நிமிடமே பெயர் பட்டியலில் ஏறிவிடாது. ஜெயிலுக்குக் கொண்டுபோனதும் பெயர், பிறந்த தேதி எழுதி, கைரேகையும் புகைப்படமும் எடுத்து, சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் கணக்கெழுதி வாங்கி வைத்து, உடல்நிலை விசாரித்து, வேறு எங்காவது வாரண்ட் இருக்கிறதா என்று பார்த்து, ஓர் எண் கொடுப்பார்கள். இதைத்தான் புக்கிங் என்கிறார்கள். வார இறுதி இரவுகளில் இது பல மணி நேரம் இழுக்கும். சில நகரங்களில் முதலில் நகரப் போலீசின் லாக்கப்பில் வைத்துவிட்டு மறுநாள்தான் கவுன்டிக்கு மாற்றுவார்கள். குடித்துவிட்டு ஓட்டியதாகச் சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கவும் கூடும். பட்டியலில் இல்லை என்றதும் பயந்துவிடாமல் சில மணி நேரம் விட்டுத் திரும்பத் தேடுங்கள்.

நம்மவர்களைத் தேடும்போது பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் பெயர். உங்கள் தம்பியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா? அப்படியானால் அமெரிக்க விசாவில் அவர் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து அச்சாகியிருக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. ஓட்டுநர் உரிமமும் அந்த ஆவணத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. ஜெயிலில் உரிமத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆக, ஊரெல்லாம் செந்தில் என்று அழைக்கும் பிள்ளை அங்கே 'செந்தில்குமார் முருகேசன், எஃப்.என்.யூ.' என்று பதிவாகியிருப்பார். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்திருந்தால் 'முருகேசன், செந்தில்குமார்' என்று இருக்கும். அவசரத்தில் எழுதும்போது இரண்டு சொல்லும் ஒட்டிப் போவதும் உண்டு, ஓரெழுத்து விழுந்து போவதும் உண்டு.

அதனால் தம்பி பெயரையும் அப்பா பெயரையும் மாறி மாறிக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். பல தளங்கள் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்தாலும் தேடித் தரும். நீளமான பெயருக்கு அதுதான் நல்ல வழி, பின்னால் வரும் எழுத்துகளில் பிழை விழுந்திருந்தாலும் பெயர் சிக்கிவிடும். பிறந்த தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கொடுங்கள். ஏப்ரல் 7-ஐ நம் வழக்கப்படி கொடுத்தால் அது ஜூலை 4 ஆகிவிடும், தேடல் வெறுமையாகத் திரும்பும். சில கவுன்டிகள் கடந்த 24 மணி நேரத்தில் வந்தவர்களின் பட்டியலைத் தனியே போடும். அப்படி இருந்தால் பெயர் கொடுக்காமல் அதை மேலிருந்து கீழாகப் படித்துவிடுங்கள். தேடல் கட்டத்தில் சிக்காத பெயர் கண்ணில் சிக்கும்.

இணையத்தில் அகப்படவில்லை என்றால் ஜெயிலுக்கே ஃபோன் செய்யுங்கள். எண்ணை ஷெரீஃப் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, பிறந்த தேதி கொடுத்து, உள்ளே இருக்கிறாரா, புக்கிங் எண் என்ன, பெயில் தொகை வைத்தாயிற்றா, இவரை வெளியே விடாதீர்கள் என்று வேறு துறையின் தடை ஏதாவது இருக்கிறதா, மாஜிஸ்திரேட் முன் எப்போது நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். இவை எல்லோரும் கேட்கும் கேள்விகள், தயங்க வேண்டாம். டெக்சஸில் கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

பதிவு கிடைத்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். புக்கிங் எண், தேதி, பிடித்த துறை, குற்றச்சாட்டு, பெயில் தொகை என்று சில வரிகள்தான் இருக்கும். குற்றச்சாட்டு என்று அங்கே எழுதியிருப்பது பிடித்த அதிகாரி சொன்னது. அரசு வழக்கறிஞர் அதைக் குறைக்கலாம், கூட்டலாம், வழக்கே வேண்டாம் என்றும் விட்டுவிடலாம். குற்றம் நிரூபணம் ஆனதற்கான சான்றாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு முடியும், அந்தப் படம் ஒவ்வொரு ஃபோனிலும் தங்கிவிடும்.

அந்தப் பக்கத்தில் மிக முக்கியமான வரி, வேறு துறையின் தடை இருக்கிறதா என்பது. ஜெயிலில் எடுக்கும் கைரேகை எஃப்.பி.ஐ. வழியாகக் குடியேற்றத் துறைக்கும் போகிறது. ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை, இவரை விடுவிக்கும் முன் எங்களுக்காக 48 மணி நேரம் வரை நிறுத்தி வையுங்கள் என்று ஜெயிலுக்குக் கேட்டு எழுதலாம். அப்படி ஒரு தடை இருக்கும்போது பெயில் கட்டினால், உங்கள் தம்பி வீட்டுக்கு வராமல் ஐஸ் கைக்குப் போய்விடக் கூடும். உங்களுக்காகப் பெயில் தொகைக்குப் பொறுப்பேற்கும் பாண்டு நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம், பொதுவாகப் பெயில் தொகையில் பத்து சதவீதம் அளவில் இருக்கும் அது, எப்படியும் திரும்பி வராது. தடை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தில் கை வையுங்கள். செல்லுபடியாகும் வேலை விசாவில் இருந்து, முதல் முறையாகச் சாலைக் குற்றத்தில் மாட்டியவர்கள் பெரும்பாலும் பெயிலில் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்த நேரத்தில் உங்களைத் தேடி வரும் அழைப்புகளில் கவனமாக இருங்கள். ஜெயில் பட்டியல் யாரும் பார்க்கக்கூடியது என்பதால் மோசடிக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், தம்பியை இப்போதே விட்டுவிடுவோம், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள், கிஃப்ட் கார்டு எண் சொல்லுங்கள் என்பார்கள். புக்கிங் எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வார்கள், அது பட்டியலிலேயே இருக்கிறதே! எந்த ஷெரீஃப் அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பெயில் வாங்காது. ஃபோனை வைத்துவிட்டு, தளத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

ஜெயிலில் இருப்பவருக்கு வெளியிலிருந்து நேரடியாகப் பேச முடியாது. அவர்தான் அழைக்க வேண்டும். அதற்கு முன்பணம் கட்டிய கணக்கு வேண்டும். இந்திய எண்ணுக்கு அழைப்பது பெரும்பாலும் நடக்காது. அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் கணக்குத் திறக்கட்டும். அந்த அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். நலம் விசாரியுங்கள், தைரியம் சொல்லுங்கள், வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு குடித்தாய் என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அவர் பாசத்தில் சொல்லும் பதில் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக வந்து நிற்கும்.

இந்தியத் தூதரகத்துக்கும் தெரிவிக்கலாம். டெக்சஸ் ஹூஸ்டனில் உள்ள துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவுப்படி கைதான வெளிநாட்டவருக்குத் தம் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை உண்டு. இந்தியா, இலங்கைக் குடிமக்கள் என்றால் அவர்களே கேட்டால்தான் போலீஸ் தெரிவிக்கும். மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிவித்தாக வேண்டும் என்று தனி உடன்பாடு இருக்கிறது. தூதரகம் வழக்கு நடத்தாது, பெயிலும் கட்டாது. வழக்கறிஞர் பட்டியல் தரும், போய்ப் பார்க்கும், பாஸ்போர்ட் விஷயத்தில் உதவும்.

இவ்வளவு தேடியும் ஒரு நாளுக்கு மேல் அகப்படவில்லை என்றால் மூன்று இடம் பார்க்கலாம். ஏற்கெனவே விடுதலையாகியிருக்கலாம், பல கவுன்டிகளில் வெளியே போனதும் பெயர் பட்டியலை விட்டுப் போய்விடும். ஐஸ் காவலில் இருந்தால் அத்துறையின் தேடல் பக்கம் இருக்கிறது. குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ஒன்பது இலக்க ஏ எண்ணும் பிறந்த நாடும் கொடுக்க வேண்டும், எண் இல்லையென்றால் பெயரைப் பதிவில் உள்ளபடி ஓரெழுத்து பிசகாமல் கொடுக்க வேண்டும். முதல் சில எழுத்துகள் என்ற வித்தை அங்கே செல்லாது, மேலே சொன்ன எஃப்.என்.யூ. சிக்கலை மனதில் வைத்து எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் வழக்கு என்றால், மத்திய நீதிமன்றங்களுக்கான காவல் அதிகாரிகளான யூ.எஸ். மார்ஷல்களின் பொறுப்பில் இருப்பார். மத்தியச் சிறைத்துறையின் தளம் 1982 முதல் தன்னிடம் இருந்தவர்களைக் காட்டும். ஆனால் மார்ஷல்கள் விசாரணைக் கைதிகளை வாடகைக்குக் கவுன்டி ஜெயில்களிலேயே வைப்பதுண்டு, அவர்கள் அந்தத் தளத்தில் வராமல் போகலாம். சாலையில் வண்டியை நிறுத்திப் பிடித்த வழக்கில் இந்தத் தொலைவு போக வேண்டியிருக்காது.

இப்போது பணம் கேட்கும் தளங்கள். அவை செய்வது, கவுன்டிப் பட்டியல்களைப் படியெடுத்துத் தம் கிடங்கில் சேர்ப்பது. நேற்றிரவு நடந்தது அங்கே பெரும்பாலும் வந்திருக்காது. பத்து வருடம் முன் கைவிடப்பட்ட வழக்கு அப்படியே கிடக்கும். ஒரே பெயருள்ள இன்னொருவரின் கதையும் கலந்திருக்கும். கைதுப் புகைப்படங்களைப் போட்டுவிட்டு, எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்ட தளங்கள் ஒரு காலத்தில் கொழித்தன. 2018-இல் கலிஃபோர்னியா அரசு அப்படி ஒரு தளத்தை நடத்தியவர்கள் மேல் மிரட்டிப் பணம் பறித்ததாகவே வழக்குப் போட்டது. படத்தை நீக்கக் காசு வாங்குவதை டெக்சஸ், ஜார்ஜியா, இல்லினாய் உட்படப் பல மாநிலங்கள் தடை செய்துவிட்டன. உங்கள் தம்பியின் படம் எங்காவது தென்பட்டால் பணம் அனுப்பாமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

ஜெயில் பட்டியல் கைதைத்தான் காட்டும். வழக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நீதிமன்றப் பதிவு வேண்டும். சில நாள் கழித்து அந்தக் கவுன்டி நீதிமன்ற எழுத்தரின் தளத்தில் பெயரைப் போட்டால் வழக்கு எண், வாய்தா தேதி, தீர்ப்பு எல்லாம் வரும். பழைய புக்கிங் விவரம் வேண்டுமென்றால் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் பொதுத் தகவல் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். அமெரிக்க மத்திய அரசின் தகவல் சட்டம் கவுன்டிக்குப் பொருந்தாது. அதை மேற்கோள் காட்டி எழுதி வீணாக நாள் கடத்துகிறவர்கள் உண்டு. அந்தந்த மாநிலச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விசா பற்றிக் கேட்டீர்கள். மதுபோதையில் ஓட்டியதாகக் கைதானாலே போதும், தண்டனை இல்லாவிட்டாலும், கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரையை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்ய 2015 முதல் இடம் இருக்கிறது. ரத்தானால் உடனே நாட்டைவிட்டுப் போகச் சொல்வதாகப் பொருள் இல்லை. வெளியே போனால் புது விசா எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டுத்தான் திரும்ப முடியும். ஆகவே வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஊர்க் கல்யாணத்துக்கு வா என்று கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. டெக்சஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் காலம் முடிந்ததும் தண்டனைப் பதிவு இல்லாமல் வழக்கை முடிக்கும் வழி ஒன்று உண்டு. மாநிலக் கணக்கில் அது தண்டனை ஆகாது. குடியேற்றச் சட்டத்தின் கணக்கில், 1996 முதல், அதுவும் தண்டனைதான். உள்ளூர்க்காரருக்கு நல்ல பேரமாக இருப்பது விசாக்காரருக்குக் கேடாக முடியலாம். 2010-இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த விளைவுகளைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று தீர்ப்பளித்திருக்கிறது. எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரும் அந்தத் தாளைப் பார்த்தாக வேண்டும்.

வழக்கு கைவிடப்பட்டாலோ, அவர் குற்றவாளி அல்ல என்று விடுதலையானாலோ, நிபந்தனைகள் பொருந்தும்போது கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லி டெக்சஸ் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். உத்தரவு கிடைத்தால் ஷெரீஃப், போலீஸ், நீதிமன்றம் எல்லோரும் தம் ஏடுகளிலிருந்து நீக்க வேண்டும். ஆனால் பின்னாளில் அவர் கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, அழிக்கப்பட்ட கைதையும் சொல்லச் சொல்லி அந்தப் படிவம் கேட்கும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றளித்த நகலும் கேட்கும். அப்போது நீதிமன்றத்துக்குப் போனால் அப்படி ஒரு வழக்கே எங்களிடம் இல்லை என்பார்கள். அதனால் அழிப்பு மனுவில் கையெழுத்துப் போடும் முன்பே, குற்றச்சாட்டுத் தாளுக்கும் முடிவுக்கும் நீதிமன்ற எழுத்தரிடம் முத்திரையிட்ட நகல்கள் இரண்டிரண்டு வாங்கி, ஒரு செட்டை மதுரைக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.